அடைப்புக்குறிக்குள் ஒரு கடை

கேள்வி: மும்பைப் பக்கம் டோம்பிவிலி கிழக்கில் குடியிருக்கிறோம். பதினோரு வருடம் அக்கவுண்ட்ஸ் வேலை பார்த்துவிட்டு, மாமியாரின் உடல்நிலைக்காகப் போன வருடம் நிறுத்திவிட்டேன். கையில் 2 லட்சம் இருக்கிறது. ஆன்லைனில் ஏதாவது விற்கலாம் என்று ஆசை. காட்டன் புடவை, வத்தல் - வடகம் - பொடி, இமிடேஷன் நகை என்று மூன்று யோசனை. 'நிச்' பிடித்தால்தான் லாபம் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எப்படிப் பிடிப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. மாதம் 25,000 வந்தால் போதும். எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். (மகள் பரதம் கற்கிறாள். போன பிராரம்பிக் என்ற தொடக்க நிலைப் பரீட்சையில் அவள் சலங்கையும் பிராக்டிஸ் புடவையும் எங்கே வாங்கியது என்று ஆறு அம்மாக்கள் கேட்டு, நம்பர் வாங்கிக்கொண்டு போனார்கள். இதற்கும் என் கேள்விக்கும் சம்பந்தமில்லை, சும்மா எழுதினேன்.)

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

சம்பந்தமில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த வரிகளில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. புடவை, பொடி, நகை மூன்றும் நீங்களாக யோசித்தவை. சலங்கையையும் பிராக்டிஸ் புடவையையும் பற்றி மட்டும் ஆறு பேர் தாங்களாக வந்து கேட்டிருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் 'நிச்', அதாவது குறுஞ்சந்தை என்றால் பொருளைச் சின்னதாக்கிக்கொண்டே போவது என்று பலர் நினைக்கிறார்கள். புடவையைக் காட்டன் புடவை ஆக்கி, அதைச் சுங்குடி ஆக்கிவிட்டால் ஆயிற்று என்று. அப்படி எவ்வளவு நறுக்கினாலும், வாங்குகிறவர் யாரென்று தெரியாவிட்டால் விளம்பரத்துக்குக் கொட்டித்தான் ஆளைத் தேட வேண்டும். மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். யாருக்கு வேண்டும்? எந்தத் தேதிக்குள் வேண்டும்? அவர்களை ஒரே இடத்தில் எங்கே பார்க்கலாம்? நாட்டிய வகுப்புக்குப் போகும் பிள்ளையின் தாய், பரீட்சைக்கு முன்னால், வகுப்பு வாசலில். உங்களுக்கு மூன்றும் தெரியும்.

முதலில் காட்டன் புடவையின் கணக்கைப் பார்ப்போம். கணக்கு வேலை பார்த்தவர் நீங்கள், என்னைவிட வேகமாகப் போட்டுவிடுவீர்கள். இவை முறையைக் காட்டுவதற்கான எண்கள். உங்கள் உண்மையான விலைகளை வைத்து மறுபடி போடுங்கள். விற்பனை விலை 850. கொள்முதல் 500. கூரியர் 70. பணம் வாங்கித் தரும் கேட்வே 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுத்தால் 20. விலைக்குள் அடங்கிய 5 சதவீத ஜிஎஸ்டி 40. ஒரு ஆர்டர் பிடிக்க விளம்பரத்துக்கு 200. எல்லாம் போக மிச்சம் 20 ரூபாய். கேஷ் ஆன் டெலிவரியில் ஒருவர் வாசலிலேயே வேண்டாம் என்று திருப்பினால், போக வரக் கூரியர் 140, விளம்பரம் 200, ஆக 340 போச்சு. பதினேழு புடவையின் லாபத்தை அந்த ஒன்று சாப்பிட்டுவிடும். ஆன்லைன் புடவைக் கடைகள் பல இந்த ஓட்டையில்தான் மூழ்குகின்றன. துணி நன்றாக இருந்தும் மூழ்குகின்றன.

வத்தல், பொடி வேண்டாம் என்பேன். மும்பை மாட்டுங்காவில் நம் ஊர்ச் சாமான் கடைகள் அத்தனை இருக்கும்போது 250 ரூபாய் பொட்டலத்துக்கு 70 ரூபாய் கூரியர் கொடுக்க யாருக்கும் மனம் வராது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, அதன் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். இணையச் சந்தைகளில் விற்றால், வாங்குகிறவர் கைக்குப் போகும்போது ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது காலாவதிக்கு 45 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். மும்பை மழையில் வடகம் நமுத்துப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இமிடேஷன் நகையில் ஒரு பகுதி நமக்கு வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நாட்டியப் பொருட்கள். தேவை உண்மையா என்று பார்க்க நான்கு இடங்கள் உண்டு. கூகுள் டிரெண்ட்ஸில் 'பரதநாட்டியம் டிரஸ்', 'குங்ரூ', 'பிராக்டிஸ் சாரி' என்று ஆங்கில எழுத்தில் போட்டு, ஐந்து ஆண்டு வரைபடத்தை மகாராஷ்டிராவுக்கு மட்டும் எடுங்கள். அங்கே காட்டும் 100 என்பது தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை, அந்தக் காலத்துக்குள் அந்தச் சொல் தொட்ட உச்சம். அதனால் எத்தனை பேர் என்று அதில் தெரியாது, எந்த மாதம் ஏறுகிறது என்றுதான் தெரியும். எண்ணிக்கைக்கு கூகுள் விளம்பரக் கணக்கில் இருக்கும் கீவேர்ட் பிளானர். காசு செலவழிக்காதவர்களுக்கு அது நூறிலிருந்து ஆயிரம் என்பதுபோல் அகலமாகத்தான் காட்டும், முதல் பார்வைக்கு அது போதும். மூன்றாவது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகம். இலவசம். விற்கிறவர் பெயரைப் போட்டால் இப்போது ஓடும் விளம்பரமும் அது தொடங்கிய தேதியும் வரும். ஒரே விளம்பரம் மூன்று மாதமாக ஓடுகிறதென்றால் அது அவருக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகிறது.

நான்காவதுதான் தங்கச் சுரங்கம்: அமேசான் மாதிரியான தளங்களில் ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை கொடுத்தவர்கள் எழுதிய புகார்கள். ஒரு நோட்டை எடுத்து ஐம்பது புகாரையாவது வகை பிரித்து எழுதுங்கள். முத்து உதிர்ந்தது, சாயம் போனது, நீளம் பத்தவில்லை, படத்தில் ஒன்று வந்தது வேறு. எந்த வகை அதிகம் வருகிறதோ அதை உங்கள் கடை சரிசெய்துவிட்டாலே கடைக்குக் காரணம் கிடைத்துவிடும்.

இந்தத் துறையில் ஒரு குழப்பத்தை நீங்கள் நிச்சயம் பார்ப்பீர்கள். கதக்குக்கான குங்ரூவில் மணிகளை நூல் கயிற்றில் ஒவ்வொன்றாகக் கோர்த்திருப்பார்கள். பரதத்துக்கான சலங்கையில் தோல் அல்லது துணிப்பட்டையில் வரிசையாகத் தைத்திருப்பார்கள். மராத்தி, குஜராத்தி வீட்டு அம்மாக்கள் இரண்டையும் குங்ரூ என்றுதான் தேடுவார்கள். முதல் வருடப் பிள்ளைக்குக் கதக் கயிறு வந்து சேரும், ஆசிரியை திருப்பி அனுப்புவார், பரீட்சைக்கு நாலு நாள்தான் இருக்கும். உங்கள் பொருளின் தலைப்பில் 'பரதநாட்டியம்', 'பட்டை', 'சலங்கை', 'குங்ரூ' நான்கும் இருக்கட்டும். முதல் படத்திலேயே பட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் தெரியட்டும்.

பின்பக்கத்தை ஏன் சொல்கிறேன் என்றால், சலங்கையின் தரம் அங்கேதான் தெரியும். மொத்தமாக எடுக்கும்போது ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் பாருங்கள். மணிக்கு மணி தனி முடிச்சு இருந்தால் நல்லது. ஒரே நூல் வரிசை முழுக்க ஓடியிருந்தால், வியர்வையில் அந்த நூல் இற்றுப்போய் ஒரு இடத்தில் அறுந்ததும் மேடையிலேயே வரிசை முழுக்கக் கொட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து நாலைந்து மணிகளை இழுத்துப் பாருங்கள். பட்டையைக் காதருகே பிடித்து மெதுவாக ஆட்டினால் ஊமை மணி இருக்கிறதா என்று தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று வரிசை போதும். ஐந்து வரிசை வாங்கிக் கட்டினால் கால் கனத்து அடவு கெடும் என்று ஆசிரியைகளே சொல்வார்கள். தோல்பட்டைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், மழைக்கு முன்னால் அதிகம் வாங்கிக் குவிக்காதீர்கள்.

பிராக்டிஸ் புடவை அகலம் குறைந்தது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டியது. புதிய நெசவு முதல் அலசலில் சுருங்கும், அடர் நிறம் கரையும். எந்த வியாபாரியிடமும் நூறு எடுப்பதற்கு முன் நிறத்துக்கு ஒன்றாக வாங்குங்கள். துவைப்பதற்கு முன்னும் மூன்று முறை துவைத்த பின்னும் டேப் வைத்து நீளம், அகலம் இரண்டையும் குறியுங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் பார்டரை இருபது தடவை தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தச் சாயத்தை விட்டுவிடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சின்னாளபட்டி இருக்கிறது. அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போகும்போது அகலம் குறைத்து நெய்து தருவார்களா, குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும், ஒரே நிறம் மறுபடி வருமா என்ற மூன்றையும் கேட்டு வாருங்கள். மூன்றாவது கேள்வி மிக முக்கியம். பல வகுப்புகளில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறம், ஒரே பார்டர் உடுத்த வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருப்பார். போன வருட அரக்கும் இந்த வருட அரக்கும் வேறுபட்டால் அந்த வகுப்பையே இழப்பீர்கள்.

இந்தச் சீருடைப் பழக்கம் உங்களுக்குப் பெரிய வரம். ஒரு ஆசிரியை சரி என்றால் இருபது புடவை ஒரே பார்சலில் போகும், விளம்பரச் செலவு இல்லை, திரும்பி வருவதும் குறைவு. ஆசிரியைக்குக் கமிஷன் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். குருவின் பேச்சைக் கேட்டுத்தான் பெற்றோர் உங்களிடம் வருகிறார்கள். நடுவில் காசு இருக்கிறது என்று ஒரு தாய்க்குத் தெரிந்தாலும் உங்கள் இருவருக்கும் தலைகுனிவு. அந்தத் தொகையை வகுப்பு விலை என்று பிள்ளைகளுக்கே குறைத்துக் கொடுங்கள்.

இதற்கும் கணக்குப் போடுவோம். பிராக்டிஸ் புடவையும் அதற்கான பைஜாமாவும் ஒரு செட், விலை 1,150. துணி 520, தையல் 120, பேக்கிங் 25, கூரியர் 80, கேட்வே 27, அளவு மாற்றிக் கொடுக்க ஒதுக்கும் தொகை 60, ஜிஎஸ்டி 55. மிச்சம் 263. இதே செட்டை விளம்பரம் போட்டு, ஆர்டருக்கு 150 செலவழித்து விற்றால் 113தான் நிற்கும். வகுப்பு வழியாக விற்பதால் வரும் வித்தியாசம் அவ்வளவு.

அடுத்து, இந்தச் சந்தை உங்களுக்குப் போதுமா? சின்னச் சந்தையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஆர்டருக்கு 260 என்றால், 25,000 வர மாதம் 96 ஆர்டர் வேண்டும், வருடத்துக்கு 1,150. பத்துப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை வருடம் ஒரு முறை உங்களிடம் வாங்கும் என்று வைத்தால் 11,500 பிள்ளைகள் வேண்டும். வகுப்புக்கு 30 பேர் என்றால் 380 வகுப்புகளுக்கு மேல். டோம்பிவிலி, தாக்குர்லி, கல்யாண் மட்டும் வைத்து இது நடக்காது. தானே, முலுண்ட், செம்பூர், மாட்டுங்கா, வாஷி, நெரூல், புனே என்று விரிக்க வேண்டும். இன்னொரு வழி, ஒரு ஆர்டரின் லாபத்தைக் கூட்டுவது. புடவையோடு சலங்கையும் சேர்த்து லாபம் 500க்கு வந்தால், மாதம் 50 ஆர்டர், 6,000 பிள்ளைகள், 200 வகுப்புகள். இது எட்டக்கூடியது. தமிழ் வீடுகளோடு நிறுத்திவிட்டால் இதுவும் எட்டாது. மும்பையில் பரதம் கற்கும் பிள்ளைகளில் மராத்தி, குஜராத்தி, மலையாள வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். உங்கள் விளக்கமும் அளவுப் படமும் மராத்தியிலும் இருக்க வேண்டும்.

நகையில் வேண்டிய பகுதி என்றேனே, அது கெம்பு செட், சிவப்புக் கல் பதித்த நாட்டிய நகைகள். நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம். நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகை வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் முதல் ஆறு மாதம் இதில் கை வைக்காதீர்கள். ஒரு செட்டில் பணம் அதிகம் முடங்கும், கல் விழும், மெருகு வியர்வையில் கறுக்கும். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு வேண்டியவர்கள் டிரஸ்வாலா கடையில் வாடகைக்கே எடுத்துவிடுவார்கள். தைத்த மேடை உடையும் இப்போது வேண்டாம். இடுப்பளவில் ஒரு அங்குலம் தவறினால் விசிறி மடிப்பு விரியாது, அந்த உடையை வேறு பிள்ளைக்கு விற்கவும் முடியாது. சின்னதாக ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் ஆல்தா, அதாவது கை கால்களில் பூசும் சிவப்புச் சாயம், சேருங்கள். தீர்ந்தால் மறுபடி கேட்பார்கள். கசியாமல் இருக்க மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனி ஜிப் கவரில் போடுங்கள். ஒரு பாட்டில் உடைந்தால் அதே பெட்டியில் இருக்கும் வெள்ளைப் பைஜாமா போய்விடும்.

கூரியரில் ஒன்றைக் கவனியுங்கள். எடையை மட்டும் பார்த்துக் கட்டணம் போடமாட்டார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதும் ஒரு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 40க்கு 25க்கு 10 அளவுப் பெட்டியில் 600 கிராம் பொருள் வைத்தாலும் 2 கிலோ என்று பில் வரும். புடவையும் பைஜாமாவும் கவரில் போகட்டும். சலங்கைக்கு மட்டும் இறுக்கமான சின்னப் பெட்டி வாங்குங்கள். மணிகளுக்கு நடுவே காகிதத்தைத் திணித்தால் வழியில் உரசாது.

வரி. மகாராஷ்டிராவுக்குள் நீங்களே நேரடியாகச் சரக்கு விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. 2023 அக்டோபர் முதல், இந்த வரம்புக்குள் இருப்பவர்கள் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் இணையச் சந்தைகள் வழியாகவும், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு விற்கலாம். புனே வரை பிரச்சினை இல்லை. பெங்களூருக்கு ஒரு செட் அனுப்ப வேண்டுமானாலும் பதிவு எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பதிவு எடுக்கும்வரை மேலே சொன்ன 55 ரூபாய் மிஞ்சும். இருந்தாலும் விலைக்குள் அதை முதல் நாளே போட்டு வையுங்கள், வகுப்பு விலையைப் பிறகு ஏற்றுவது கஷ்டம். பதிவு எடுத்தபின் துணிக்குக் கட்டிய வரி உள்ளீட்டு வரியாகக் கழியும், அந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமில்லை. பேக் செய்த பொருளில் உங்கள் பெயர் முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை அல்லது அளவு, தயாரித்த மாதம் வருடம், வரி உட்பட எம்ஆர்பி, புகாருக்கான நம்பர் இருக்க வேண்டும்.

முதல் மாதம் 2 லட்சத்தில் 15,000க்கு மேல் எடுக்காதீர்கள். வெப்சைட் வேண்டாம், வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போதும். மாதிரிக்கு ஆறு புடவையும் நான்கு ஜோடிச் சலங்கையும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒரு படத்தில் டேப் தெரியட்டும். பதினைந்து அம்மாக்களிடமும் ஐந்து ஆசிரியைகளிடமும் பேசுங்கள். 'நான் விற்றால் வாங்குவீர்களா' என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். போன முறை எங்கே வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை நாளில் வந்தது, வந்த பிறகு என்ன தகராறு என்று நடந்ததைக் கேளுங்கள். பிறகு நாற்பது பேருக்குப் படத்தையும் விலையையும் அனுப்பி, பாதி முன்பணம் கேளுங்கள். நான்கு பேராவது பணம் கட்டினால் தொடரலாம். எல்லாரும் 'சூப்பர்' போட்டுவிட்டு ஒருவர்கூடக் கட்டவில்லையென்றால் விலையிலோ பொருளிலோ கோளாறு இருக்கிறது. சரக்கு எடுக்காமல் மறுபடி பேசப் போங்கள்.

நாள்காட்டியை இப்போதே ஒட்டிவிடுங்கள். விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் சேருவார்கள், அப்போது முதல் சலங்கையும் முதல் புடவையும் போகும். பிராரம்பிக் போன்ற பரீட்சைகளை நடத்தும் காந்தர்வ மகாவித்யாலய மண்டலின் பரீட்சைகள் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் - மே, நவம்பர் - டிசம்பர் வாக்கில் வரும். டிசம்பர் - ஜனவரியில் பள்ளி ஆண்டு விழாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரம் முன்னால் சரக்கு வீட்டில் இருக்க வேண்டும். கடைசிப் பத்து நாளில் வரும் ஆர்டருக்குத் தேதி வாக்குக் கொடுக்காதீர்கள். பரீட்சையன்று காலை பிள்ளை புடவை இல்லாமல் நின்றால் அந்த வகுப்பு வாசலில் மறுபடி உங்களால் நிற்க முடியாது.

நம்பர் வாங்கிப் போன அந்த ஆறு பேருக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். அவர்கள் கடைசியில் எங்கே வாங்கினார்கள், என்ன விலை, பிள்ளைக்குச் சரியாக இருந்ததா என்று கேட்டு, புகார்களை எழுதும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.